கல்லாங்குத்தா, கல்லறையா?

கிருஷ்ணகிரி மாவட்டத்து வருவாய்ப் பதிவேடுகளில் ஒரு சொல் அடிக்கடி கண்ணில் படும். கல்லாங்குத்து. பயிர் ஏறாத, கல்லும் முள்ளுமான நிலம் என்று அர்த்தம். அதே பதிவேட்டில் ஊர்ச் சுடுகாட்டுக்கு 'மயானம்' என்று தனி வகைப்பாடு உண்டு. அதாவது, நேற்று இறந்தவருக்கு அரசாங்கக் காகிதத்தில் ஓர் இடம் இருக்கிறது. இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இறந்தவரோ கல்லாங்குத்தில் கிடக்கிறார்!

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் இருக்கும் பெருங்கற்காலக் கல்லறைகளின் பிரச்சினை முழுவதும் இந்த ஒரே ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். கல்லறை என்று எழுதினால் அதன் மேல் மண் அள்ளும் வண்டியை ஏற்ற எவருக்கும் கை கூசும். கல்லாங்குத்து என்று எழுதினால் யாரும் எதற்கும் கூச வேண்டியதில்லை. காலி இடம்தானே!

அங்கே என்னதான் இருக்கிறது?

முதலில் தெரியாதவர்களுக்காகச் சில சொற்கள். நான்கு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லை வைத்துத் தரைக்கு மேல் வீடு போலக் கட்டியது கற்திட்டை. அதே அறையைத் தரைக்குக் கீழே அமைத்தால் கல்லறை, அதாவது கற்பதுக்கை. அதன் மேல் சிறு கற்களையும் மண்ணையும் மேடாகக் குவித்தால் கற்குவை. சுற்றிலும் உருண்டைக் கற்களை வட்டமாகப் பதித்தால் கல்வட்டம். பல இடங்களில் இவை எல்லாம் சேர்ந்தே இருக்கும். பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை போட்டிருப்பார்கள். அதற்கு இடுதுளை என்று பெயர்.

இறந்தோரை அடக்கம் செய்யும் வழிகள் ஐந்து என்று மணிமேகலை சொல்கிறது. எரிப்பது, திறந்த வெளியில் இடுவது, குழி தோண்டிப் புதைப்பது, கற்பதுக்கையில் அடைப்பது, தாழியில் கவிப்பது. இதில் கற்பதுக்கை வழக்கத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் நூலகத்துக்குப் போக வேண்டாம், கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினால் போதும். மல்லச்சந்திரத்துப் பாறையின் மேல் கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. மாவட்டத்தின் வேறு பல ஊர்களிலும் கல்வட்டங்களும் கற்குவைகளும் உள்ளன.

ஊர்க்காரர்கள் இவற்றைப் பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கியது என்று ஒரு கதை, முழம் உயர மனிதர்கள் வாழ்ந்தது என்று இன்னொரு கதை. படித்தவர்கள் சிரிக்கலாம். ஆனால் எந்தச் சட்டமும் இல்லாத காலத்தில் இந்தக் கல்லறைகளைக் காப்பாற்றியது அந்தக் கதைகள்தான். 'அது பெரியவங்க இடம், கை வைக்காதே' என்ற ஒரு வாக்கியத்துக்கு எந்த அரசாணையை விடவும் ஆயுள் அதிகம்.

அதே கதைக்கு ஒரு கெட்ட தம்பியும் உண்டு. அதன் பெயர் புதையல். மூடுகல்லுக்குக் கீழே தங்கம் இருக்கிறது என்று ராத்திரியோடு ராத்திரியாகக் கடப்பாரையுடன் போனவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான குழிகளில் இருப்பது எலும்பு, கறுப்பு-சிவப்புப் பானை, துருப்பிடித்த இரும்பு, கொஞ்சம் மணிகள். தங்கம் தேடிப் போனவருக்கு ஏமாற்றம். வரலாறு தேடி அடுத்து வருகிறவருக்கோ கலைந்த குழிதான் மிச்சம்.

மோதல் தற்செயலானது அல்ல

இந்தக் கல்லறைகள் ஏன் சரியாகத் தொழிற்பேட்டையும் குவாரியும் வரும் இடத்திலேயே இருக்கின்றன? கெட்ட நேரமா? இல்லை. கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும்.

பெருங்கற்கால மக்கள் முட்டாள்கள் அல்ல. நீர் பாயும் நல்ல நிலத்தைச் சாகுபடிக்கு விட்டுவிட்டு, மேட்டு நிலத்தில், பாறை வெளியில்தான் பெரும்பாலும் இறந்தவர்களை அடக்கினார்கள். இன்றைக்குத் தொழிற்பேட்டைக்கு இடம் தேடும் அதிகாரியும் அதே கணக்கைத்தான் போடுகிறார். நஞ்சையைத் தொட்டால் விவசாயிகள் எதிர்ப்பார்கள், எனவே புறம்போக்கையும் மேட்டு நிலத்தையும் எடு என்கிறார். கல்லறை கட்டியவன் பலகையாகப் பிளக்கத் தோதான பாறையைத் தேடினான். கிரானைட் குவாரிக்காரரும் அதே பாறையைத்தான் தேடுகிறார். 'பாரடைசோ' என்ற பெயரில் இந்த மாவட்டத்துக் கல் கடல் கடந்து போவது உலகுக்கே தெரியும்.

ஆக, பல நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு தரப்பும் ஒரே நிலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. ஒரு தரப்பால் பேச முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

1970களில் சிப்காட் வந்ததிலிருந்து ஓசூர் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பெங்களூருக்குப் பக்கம், நெடுஞ்சாலை, நல்ல தட்பவெப்பம். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. பைக், லாரி, கைக்கடிகாரம், மின்ஸ்கூட்டர் என்று இங்கே செய்யாத பொருள் இல்லை. ஊருக்கே நேரம் காட்டும் கடிகாரத்தைச் செய்கிற இடம், தன் சொந்தக் காலத்தை மட்டும் ஜே.சி.பி. வைத்து அள்ளிப் போடலாமா என்பதுதான் கேள்வி.

மேடையில் பெருமை, மேட்டில் அலட்சியம்

2022 மே மாதம் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. பர்கூர் பக்கம் இருக்கும் மயிலாடும்பாறையில் 2021இல் நடந்த அகழாய்வில் கிடைத்த கரி மாதிரிகளைக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 2172 என்று முடிவு வந்திருக்கிறது, எனவே தமிழகத்தில் இரும்பின் வயது 4,200 ஆண்டுகள் என்றார் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின். 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை அதையும் தாண்டி, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் ஈமத்தாழிகளை வைத்து கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை போனது.

கைதட்டல், பேனர், பட்டிமன்றம், வாட்ஸ்அப் செய்தி... எல்லாம் நடந்தது. தவறில்லை, பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேர் கேட்டார்கள்? ஒரு மேட்டிலிருந்தும் ஒரு சுடுகாட்டிலிருந்தும் வந்தது. மயிலாடும்பாறை வாழிடமும் ஈமக்காடும் சேர்ந்தே இருக்கும் இடம். சிவகளைத் தேதிகள் இறந்தவர்களுக்கு வைத்த தாழிகளிலிருந்து வந்தவை.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். காலக்கணிப்புக் கூடத்தில் தேதி கொடுப்பது இரும்பு வாள் அல்ல. வாளோடு அதே மண்ணடுக்கில் கிடக்கும் ஒரு சிட்டிகைக் கரி. அந்தக் கரியும் அந்த வாளும் ஒரே காலத்தில் அங்கே வந்தவை என்று சொல்வதற்கு, மண் கலையாமல் இருந்தாக வேண்டும். கலைந்துவிட்டால் கரி வெறும் கரி, வாள் வெறும் துரு. 'எடுத்து மியூசியத்தில் வைத்துவிடலாமே' என்கிறவர்களுக்கு இதுதான் பதில். பானையை மியூசியத்தில் வைக்கலாம். மண்ணடுக்கை எப்படி வைப்பது?

இந்தத் தேதிகளைப் பற்றி ஆய்வாளர்கள் நடுவே விவாதமும் நடக்கிறது. இவ்வளவு பழைய தேதிகளுக்கு இன்னும் பல இடங்களிலிருந்து ஆதாரம் வேண்டும் என்கிறார்கள். நியாயமான கோரிக்கை. அந்த ஆதாரம் எங்கே கிடைக்கும்? இன்னும் தோண்டப்படாத, கலைக்கப்படாத கல்லறைகளில்தான் கிடைக்கும். இன்றைக்கு லோடு லோடாக அள்ளிப் போகிற மண்ணில், நாளைக்குத் தமிழனின் வாதத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டிய கரித்துண்டும் போகிறது. தன் கட்சிச் சாட்சியைத் தானே கலைத்துவிட்டுக் கோர்ட்டில் போய்க் கத்துகிறவனை என்னவென்று சொல்வது?

பட்டியலில் இல்லையென்றால் உலகத்திலேயே இல்லை

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், பழமையான நினைவுச்சின்னம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் கோயிலையும் கோட்டையையும் மட்டும் நினைக்கவில்லை. ஈமக்குன்று, அடக்கம் செய்த இடம் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நூறாண்டு தாண்டியிருந்தால் போதும். மாநிலத்துக்கும் 1966இல் தனிச் சட்டம் வந்தது. மத்தியச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2010இல் தண்டனையை உயர்த்தினார்கள்.

எங்கே ஓட்டை? 'பாதுகாக்கப்பட்ட' என்ற சொல்லில். அரசு அறிவித்துப் பட்டியலில் ஏற்றியிருந்தால்தான் இந்தத் தண்டனை எல்லாம். நாடு முழுவதும் மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் இருப்பவை சுமார் 3,700. கோயில், கோட்டை, மசூதி, கல்லறை எல்லாம் சேர்த்து! கிருஷ்ணகிரியின் ஒரு கரட்டில் கிடக்கும் கல்வட்டம் அந்த வரிசையில் எப்போது இடம் பிடிப்பது?

இன்னொரு காகிதத்தைப் பாருங்கள். பெரிய தொழிற்பேட்டை என்றால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் அனுமதி வாங்க வேண்டும். அதற்கான படிவத்தில், 15 கிலோமீட்டருக்குள் பண்பாட்டு முக்கியத்துவம் உள்ள இடங்கள் இருக்கின்றனவா என்று ஒரு கேள்வி இருக்கிறது. நல்ல கேள்வி. ஆனால் அது கேட்பது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இடங்களைத்தான். பட்டியலில் இல்லாத ஈமக்காடு திட்ட நிலத்தின் நட்டநடுவில் இருந்தாலும் 'இல்லை' என்று எழுதலாம். பொய் சொன்னதாக ஆகாது! யாருமே பொய் சொல்லாமல், யாருமே சட்டத்தை மீறாமல், ஒரு ஈமக்காடு முழுவதும் காணாமல் போக முடியும். இதைவிட வசதியான ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

பட்டியலில் இருந்தவற்றின் கதையே பரிதாபம். மத்தியத் தணிக்கைத் துறை 2013இல் தந்த அறிக்கை, நேரில் போய்ப் பார்த்த 1,655 சின்னங்களில் 92 சின்னங்களைக் காணவில்லை என்றது. 2024இல் மத்தியத் தொல்லியல் துறை 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்தே நீக்க முடிவு செய்தது. பெயர், எண், பலகை எல்லாம் உள்ளவற்றுக்கே இந்த நிலைமை என்றால், பெயரில்லாத மேட்டுக்கு யார் இருக்கிறார்கள்?

'அப்போ வளர்ச்சி வேண்டாமா?'

பாதுகாப்பு என்று வாயைத் திறந்ததும் வரும் முதல் கேள்வி இது. செத்தவனுக்காக உயிரோடு இருப்பவன் வேலையில்லாமல் கிடக்க வேண்டுமா என்று கேட்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியே தப்பு. ஃபேக்டரியா, கல்லறையா என்று யாரும் தேர்வு வைக்கவில்லை.

தென்கொரியாவைப் பாருங்கள். கப்பலும் காரும் செல்போனும் செய்து உலகுக்கு விற்கிற நாடு. அந்த நாட்டின் கோச்சாங், ஹ்வாசுன், கங்ஹ்வா கற்திட்டைகள் 2000இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. 30,000 சதுர மீட்டர், அதாவது சுமார் ஏழரை ஏக்கருக்கு மேல் ஒரு திட்டம் என்றால், வேலை தொடங்குமுன் நிலத்தில் தொல்பொருள் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும் என்று அங்கே சட்டம். அதனால் கொரியாவில் ஃபேக்டரி நின்றுவிட்டதா?

அங்கேயும் தவறு நடக்காமல் இல்லை. 2022இல் கிம்ஹே நகரில், சுமார் 350 டன் மூடுகல் கொண்ட ஒரு பெரிய கற்திட்டையைச் சீரமைக்கிறேன் என்று நகர நிர்வாகமே சுற்றியிருந்த தளக்கற்களைப் பெயர்த்துப் போட்டது. அகழ்ந்து பார்க்காமல், அனுமதி வாங்காமல்! நாடே கொதித்தது. 'பார்க் ஆக்குகிறோம், டைல்ஸ் போடுகிறோம், சிமென்ட் பூசுகிறோம்' என்று நம்மூரில் கிளம்புகிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கல்லறைக்கு வேண்டியது அலங்காரம் அல்ல. சும்மா விட்டால் போதும்.

இடமில்லை என்ற வாதமும் நிற்காது. பசுமைப் பரப்பு விட வேண்டும், பல திட்டங்களில் மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை விட வேண்டும் என்பது சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக வரும் நிபந்தனை. அந்தப் பரப்பை எங்கே விடுவது என்பது வரைபடம் போடுகிறவர் கையில்தான் இருக்கிறது. கல்வட்டம் இருக்கும் பக்கமாக விட்டால் என்ன குறைந்துவிடும்? மரம் நடக் குழி தோண்டாமல் புல்லோடு விட வேண்டும், அவ்வளவுதான். ஒரு ரூபாய் கூடச் செலவில்லாத இந்த யோசனைக்குத் தேவை ஒன்றே ஒன்று. வரைபடம் போடும்முன் அங்கே கல்லறை இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

பட்டாக்காரரின் பயம்

இன்னொரு பக்கத்தையும் பேசாமல் விட்டால் நேர்மை இல்லை. எல்லாக் கல்லறையும் புறம்போக்கில் இல்லை. பல கல்வட்டங்கள் சிறு விவசாயிகளின் பட்டா நிலத்தில் இருக்கின்றன. 2010 திருத்தத்தின்படி மத்தியப் பாதுகாப்புச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது என்ன அர்த்தம்? மகனுக்கு ஒரு வீடு கட்ட முடியாது. நிலத்தை விற்றால் விலை போகாது.

பெங்களூர்க்காரர்கள் பிளாட் கேட்டு வரும் ஊரில், அந்த விவசாயி என்ன செய்வார்? ஆபீசர் ஜீப் வருவதற்கு முன் டிராக்டரை விட்டுக் கல்லைத் தள்ளிவிடுவார். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. காப்பாற்றினால் தண்டனை, அழித்தால் லாபம் என்று ஏற்பாடு செய்து வைத்துவிட்டு, அவரிடம் மட்டும் தமிழ்ப்பற்றை எதிர்பார்ப்பது அயோக்கியத்தனம்.

பத்தடி விட்டமுள்ள கல்வட்டத்துக்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் ஒரே 100 மீட்டர் என்பது அறிவுக்குப் பொருந்தாது. சின்னத்துக்கு ஏற்ற தனி விதிகள் வகுக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஈமக்காடுகளுக்கு எல்லையைச் சுருக்குங்கள். அந்தச் சிறு துண்டு நிலத்துக்கு உரிய பணமோ மாற்று நிலமோ கொடுங்கள். தொழிற்சாலைக்கு ஏக்கர் ஏக்கராக எடுத்துப் பணம் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, நாலு சென்ட் கல்லறைக்குக் கொடுக்கத் தெரியாதா?

எல்லைக்கு அந்தப் பக்கம்

கல்லறை கட்டியவர்களுக்கு அத்திப்பள்ளி செக்போஸ்ட் தெரியாது. இன்றைய மாநில எல்லை மிகப் பிற்காலத்தில் வந்தது. கர்நாடகத்தின் சித்திரதுர்கா மாவட்டத்தில் பிரம்மகிரியை 1947இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தார். தென்னிந்தியப் பெருங்கற்காலத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வேறு தளத்துக்குப் போனது. கொப்பள் மாவட்டம் ஹிரேபெணகல் குன்றில் நானூறு அளவில் பெருங்கற்சின்னங்கள் உள்ளன. 2021இல் அந்த இடம் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு குன்று முழுவதையும் ஒரே சின்னமாகப் பார்க்க அவர்களுக்குத் தோன்றியது. இங்கே ஒற்றைக் கல்லைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, குன்றை ஏலத்துக்கு விட்டுவிடுகிற பழக்கம்தான் இருக்கிறது.

என்னதான் செய்ய வேண்டும்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். கீழடிக்குக் கிடைத்தது போல மியூசியம் கூட உடனே வேண்டாம். நான்கு வேலைகள் போதும்.

ஒன்று, புறம்போக்கு நிலத்தைத் தொழிற்பேட்டைக்கோ குவாரிக்கோ கொடுக்கும்முன், தொல்லியல் துறை ஆள் ஒருவர் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரோடு நிலத்தை நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பாண்டவர் வீடு எங்கே என்று ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும், சாட்டிலைட்டுக்குத் தெரியாது.

இரண்டு, கிடைத்த இடத்தை அ-பதிவேட்டில் புல எண்ணுக்கு நேராக 'ஈமக்காடு' என்று எழுத வேண்டும். மத்திய அரசு பட்டியலில் ஏற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கல்லாங்குத்து என்று எழுதிய அதே பேனா போதும்.

மூன்று, கிராம சபைகள் தீர்மானம் போட வேண்டும். எங்கள் ஊரில் இத்தனை கல்வட்டம் இருக்கிறது, இன்ன புல எண்ணில் இருக்கிறது என்று ஒரு வரி இருந்தாலும், நாளைக்கு 'தெரியாமல் இடித்துவிட்டோம்' என்று யாரும் சொல்ல முடியாது.

நான்கு, மாவட்டத்துக் கல்லூரி மாணவர்களை இறக்க வேண்டும். என்.எஸ்.எஸ். முகாமில் ரோடு கூட்டுவதோடு, ஒரு வாரம் கரடு கரடாக ஏறி எண்ணி, படமெடுத்து, இடத்தைக் குறித்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. தோண்டக் கூடாது, கழுவக் கூடாது, கல்லில் பெயர் எழுதக் கூடாது. எண்ணினால் போதும்.

இது நாலு பேர் நினைத்தால் நடக்கிற காரியம். நடக்காமல் போனால் அதற்குக் காரணம் வறுமையும் அல்ல, வளர்ச்சியும் அல்ல. எழுதச் சோம்பல்.

இறந்தவருக்காக யாரோ ஒருவர் பாறையைப் பிளந்து, பல டன் கல்லைத் தூக்கி நிறுத்தி, உள்ளே பானையில் சோறு வைத்து மூடிவிட்டுப் போனார். அவர் பெயர் தெரியாது, பேசிய மொழி கூடத் தெரியாது. இந்த இடத்தை யாரும் மறக்கக் கூடாது என்று அவர் நினைத்தது மட்டும் நிச்சயம். அதற்காகத்தான் அவ்வளவு பெரிய கல். அந்தக் கல் தன் வேலையை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் சரியாகச் செய்துவிட்டது. பதிவேட்டில் ஒரு சொல்லை மாற்றி எழுதும் வேலைதான் பாக்கி.